நாவிதர் கேட்ட கேள்வி

விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறக் காத்திருப்பவருக்குச் சில வேளைகளில் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, கடைத்தெருவில் உள்ள முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் நுழைந்து அமர்வோர் பலர். வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டியவாறே கடைக்காரர் கேட்பார்: "எப்படி வெட்டணும் பாய்?" நாமும் சொல்வோம்: "பின்னால் நன்றாகக் குறைத்துவிடுங்கள். மேலே கொஞ்சம் இருக்கட்டும். கிருதா காது மட்டத்தோடு நிற்கட்டும். தாடியில் கை வைக்க வேண்டாம்." அவர் தலையசைத்துச் சீப்பை எடுப்பார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். இருக்கிறது. அந்தக் கடைக்காரரின் பாட்டனாருக்குப் பாட்டனார் இக்கேள்வியை எவரிடமும் கேட்டிருக்க மாட்டார். கேட்க வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. மனிதன் தன் தலையைப் பற்றித் தானே சொல்லும் உரிமை இந்நாட்டில் அண்மைக் காலத்தில் வந்தது. எல்லாருக்கும் ஒரே நாளில் வந்ததுமன்று. அது வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

விழுப்புரமும் திண்டிவனமும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகரானது. அதற்கு முன் இச்சீமை ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இருந்தது. 1801இல் ஆங்கிலக் கும்பெனியின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. ஆட்சிகள் மாறினாலும் ஊர்களின் உள்ளமைப்பு அவ்வளவு விரைவில் மாறிவிடவில்லை. அவ்வமைப்பில் நாவிதர் ஊருக்குக் கட்டுப்பட்ட ஊழியர். 'குடிமகன்' என்பது அவருக்கு வழங்கிய பெயர். கத்தி, கிண்ணி, சாணைக்கல், தோல்வார், படிகாரக் கட்டி ஆகியவை அடங்கிய அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வீடு வீடாகச் செல்வார். திண்ணையோரத்திலோ, கொல்லைப்புறத்திலோ, மரத்தடியிலோ வேலை நடக்கும். கூலி காசாகக் கிடைப்பதில்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அவர் பங்குக்கு நெல் அளக்கப்படும்.

அந்நாளில் தலைமுடியின் வடிவம் பிறப்போடு வந்தது. ஒருவர் முன்குடுமி வைப்பதும், மற்றொருவர் பின்குடுமி வைப்பதும் அவரவர் குலத்தின் வழக்கு. தென்னார்க்காட்டைச் சேர்ந்த சிதம்பரத்தில் தில்லைத் தீட்சிதர்களின் குடுமியைக் கண்ட மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடலாம். தமிழ் முஸ்லிம் ஆடவர் தலையை மழித்துத் தொப்பியோ தலைப்பாகையோ அணிந்து, தாடி வைத்திருந்தனர். சில சாதிகளில் கணவனை இழந்த பெண்ணின் தலையை அவள் விருப்பத்தைக் கேளாமலே மழித்தனர். ஆக, தலையைப் பார்த்தே சாதியும் சமயமும் படிக்கப்பட்ட காலம் அது. எல்லாம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தபோது, "எப்படி வெட்டணும்?" என்ற கேள்விக்கு இடம் ஏது?

எனினும், வழக்கம் வேறு, ஆணை வேறு. வழக்கத்தைச் சுமையென்று உணராத மக்கள்கூட, அதனை மாற்றும்படி அந்நியன் ஆணையிட்டால் அது தம் தலை என்பதை உணர்ந்துகொள்கின்றனர். இதற்கு ஆர்க்காட்டுச் சீமையிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. அது வேலூர்.

1805ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சென்னைப் படைத் தலைமையகம் சிப்பாய்களின் தோற்றம் குறித்துப் புதிய விதிகளை வகுத்தது. தலைமைத் தளபதியாக இருந்தவர் சர் ஜான் கிராடக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. சிப்பாய் சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி இடலாகாது. காதில் கடுக்கன் அணியலாகாது. அணிவகுப்பின்போதும் பணியின்போதும் மோவாய் முழுவதும் மழிக்கப்பட்டிருக்க வேண்டும். மீசையின் அளவும் அமைப்பும் இயன்றவரை எல்லாருக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்றன அவ்விதிகள். இவற்றோடு தோல் சேர்த்த குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது. சுருங்கச் சொன்னால், ஆயிரக்கணக்கான மனிதர்களின் முகத்தைப் பற்றி நாவிதருக்குச் சொல்லும் வேலையைத் தளபதி ஒருவர் எடுத்துக்கொண்டார்.

தாடி இழப்பது முஸ்லிம் வீரனுக்குப் பொறுக்க முடியாததாயிற்று. நெற்றிக் குறியை அழிப்பது இந்து வீரனுக்கு அவ்வாறே ஆயிற்று. 1806 மே மாதத்தில் வேலூரில் சிப்பாய்கள் சிலர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தனர். விசாரணை நடந்தது. ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. இரு சமயத்தாரும் ஒரே கசையின் கீழ் நின்றனர். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. ஐரோப்பியப் படையினரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டார். அப்போது கொல்லப்பட்ட சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்பர்.

வேலூர் எழுச்சிக்குக் காரணம் முடியும் தலைப்பாகையும் மட்டுமே என்று சொல்வது பொருந்தாது. திப்பு சுல்தானின் குடும்பத்தார் அக்கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். ஆட்சியை இழந்த துயரமும், அந்நியர்மீது கொண்ட வெறுப்பும் அங்கே கனன்றுகொண்டிருந்தன. ஆயினும் அக்கனலைக் கொழுந்துவிடச் செய்தது அந்த ஆணையே. கும்பெனியாரும் இதனை உணர்ந்தனர். அதே ஜூலை மாதத்திலேயே அவ்விதிகள் கைவிடப்பட்டன. கிராடக், பெண்டிங்க் இருவரும் பின்னர் திருப்பி அழைக்கப்பட்டனர்.

உலக வரலாற்றில் இத்தகைய ஆணைகள் பல. சீனத்தைக் கைப்பற்றிய மஞ்சு ஆட்சியாளர் 1645இல், ஆடவர் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை பின்ன வேண்டும் என்று கட்டளையிட்டனர்; மறுத்தோர் தலை இழந்தனர். ருஷ்யாவின் மகா பீட்டர் 1698இல் மேலை நாடுகளைச் சுற்றித் திரும்பியதும் தம் பிரபுக்களின் தாடியைத் தம் கையாலேயே கத்தரித்தார். பின்னாளில் தாடிக்கு வரியும் விதித்தார்.

இவற்றுக்கு நேர்மாறான காட்சியை முஸ்லிம் ஸ்பெயினில் காண்கிறோம். கி.பி. 822இல் கிழக்கிலிருந்து குர்துபா நகருக்கு வந்து சேர்ந்தவர் இசைவாணர் ஸிர்யாப். அக்காலத்து அந்தலூஸிய மக்கள் முடியை நடுவகிடு எடுத்து நெற்றியையும் கன்னப்பொறிகளையும் மூடும்படி தொங்கவிட்டிருந்தனர். ஸிர்யாபும் அவர் குடும்பத்தாரும் புருவத்திற்கு மேலே நேராகக் கத்தரித்து, காதும் கழுத்தும் தெரியும்படி முடி வைத்திருந்தனர். அதன் தூய்மையும் அழகும் பிடித்துப்போய் நகரமே அவ்வாறு வெட்டிக்கொண்டது என்று வரலாற்றாசிரியர் அல் மக்கரீ எழுதியிருக்கிறார். அங்கே கசையடி இல்லை, வரியும் இல்லை. விரும்பியவர் வெட்டிக்கொண்டனர். பீட்டர் கத்தரிக்கோல் பிடித்துச் செய்ததை ஸிர்யாப் கண்ணாடி முன் நின்றே செய்துவிட்டார்.

நம் நாட்டிலும் வேலூர்த் தளபதியால் ஆகாததைக் காலம் மெல்ல மெல்லச் செய்தது. குடுமி குறித்து 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமாரிடையே பெரும் வாதம் நடந்தது. மதம் மாறியவர் குடுமியை அறுத்தேயாக வேண்டும் என்றனர் ஒரு சாரார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1867இல் இது குறித்துத் தனியே எழுதி, குடுமி நாட்டு நாகரிகமேயன்றிச் சமயச் சின்னம் அன்று என்று வாதிட்டார். அவ்வாதம் முடிவதற்குள் புகைவண்டி வந்துவிட்டது. 1870களின் பிற்பகுதியில் திண்டிவனம், விழுப்புரம் வழியே தெற்கு நோக்கி இருப்புப்பாதை இடப்பட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதையும் திறக்கப்பட்டது. தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சு நாட்டிற்குக் கப்பலேறியது. பணப்பயிர் வந்தால் கையில் காசு புழங்கும். காசு புழங்கினால் களத்து நெல்லை நம்பியிருந்த தொழிலாளி கடைத்தெருவை எண்ணிப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடம், கச்சேரி, இரயில்வே உத்தியோகம் என்று போன இளைஞர்கள் 'கிராப்பு' வைத்துக்கொள்ளத் தொடங்கினர். குடுமியை எடுத்த பிள்ளையை வீட்டுக்குள் விட மறுத்த தந்தையர் இருந்தனர். முஸ்லிம் வீடுகளிலும் மழித்த தலைக்குப் பதிலாகக் கிராப்போடு வந்த மகனைக் கண்டு முகம் சுளித்த பெரியவர்கள் இல்லாமலில்லை. திண்டிவனத்திற்கு வடக்கே அதே இருப்புப்பாதையில் உள்ள செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களையும் சாதியைக் காட்டும் குறிகளையும் விட்டுவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. கிராப்பு எந்தத் தீர்மானமும் இல்லாமலே அவ்வேலையில் ஒரு பங்கைச் செய்துகொண்டிருந்தது. கிராப்புத் தலையைப் பார்த்து இவர் ஐயரா, முதலியாரா, ராவுத்தரா என்று சொல்ல இயலாது.

வடிவம் பிறப்போடு வருவது நின்றபோது கேள்வி பிறந்தது. திண்ணையோரத்தில் குந்தியிருந்தவர் நாற்காலியில் அமர்ந்தார். எதிரே கண்ணாடி வந்தது. நாவிதரும் குனிந்து செய்த வேலையை நிமிர்ந்து நின்று செய்யலானார். வீடு தேடிப்போன குடிமகன் தம் கடைக்குத் தாமே உரிமையாளர் ஆனார். 'சலூன்' என்ற சொல் பிரெஞ்சு மொழியில் விருந்தினரை வரவேற்கும் கூடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அப்பெயருக்கு ஏற்ப, வருபவரை அமர வைத்து அவர் விருப்பத்தைக் கேட்கும் இடமாக அது அமைந்தது.

ஆனால், வருபவர் எல்லாரையும் அது அமர வைத்ததா? இங்கேதான் நம் வரலாறு தலை குனிகிறது. ஊரில் சேரிவாழ் மக்களுக்கு நாவிதர் தொழில் செய்யலாகாது என்பது எழுதாத சட்டம். அம்மக்கள் தமக்குள் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இல்லையேல் தம்மை இன்னாரென்று அறியாத தொலைவூருக்குப் போய் வெட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது. மனமிரங்கி வெட்டிவிட்ட நாவிதருக்கு ஊரார் வேலை தர மறுப்பர். களத்தில் அவர் பங்கு நெல் நிற்கும். கத்தி அவர் கையில் இருந்தது; யாருக்கு வெட்டுவது என்ற முடிவு அவர் கையில் இல்லை.

இதனை மாற்றச் சட்டம் தேவைப்பட்டது. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சென்னை மாகாணத்தில் சமூக இடையூறுகள் நீக்கச் சட்டமாக நிறைவேறியது. விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29ஆம் நாள், கடைகளில் நுழையும் உரிமை பற்றிய விதி விவாதத்திற்கு வந்தது. கடை என்ற சொல்லில் சலவை நிலையமும் சவரக் கடையும் அடங்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் அச்சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தார். நாடி வருவோர்க்குத் தம் ஊழியத்தை அளிக்க ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமெல்லாம் கடையே. உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, ஊழியத்தைப் பெறுவதும் அவ்வுரிமையில் அடங்கும் என்பது அவர் விளக்கம். அவ்விதியே அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இடம்பெற்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடை என்பதற்கு இலக்கணம் கூறும்போது முடி வெட்டும் சலூனைப் பெயர் குறிப்பிட்டே சேர்த்துக்கொண்டது. 1976 முதல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்குகிறது. ஒரு நாட்டின் சட்டம் சவரக் கடையைப் பெயர் சொல்லி எழுத நேர்ந்தது என்றால், அந்நாற்காலியில் அமர்வது எத்தனை பேருக்கு எட்டாத ஒன்றாக இருந்திருக்க வேண்டும்! சட்டம் வந்தும் இக்கொடுமை முற்றும் ஒழியவில்லை என்பதை இன்றைய செய்தித்தாள்களும் அவ்வப்போது நமக்கு நினைவூட்டுகின்றன.

நாற்காலியில் அமர்பவரைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதன் பின்னால் நிற்பவரைப் பற்றியும் பேச வேண்டும்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய பெருநூலில், தமிழ் நாவிதர் மருத்துவத் தொழிலும் இசைத் தொழிலும் புரிந்ததையும் அவர்தம் பெண்டிர் மருத்துவச்சியராகப் பேறு பார்த்ததையும் குறித்துள்ளார். இன்றும் தமிழ்நாட்டில் அச்சமூகத்தார் தம்மை 'மருத்துவர்' என்றே அழைத்துக்கொள்கின்றனர். பிறந்தபோது ஏந்திய கையும், புண் வந்தபோது கட்டிய கையும், மணநாளில் அணி செய்த கையும் அவர்களுடையவை. அக்கைக்குச் சமூகம் தந்த இடமோ வாசற்படிக்கு வெளியே.

இதே கைத்திறன் கடல் கடந்தபோது பெற்ற மதிப்பைப் பாருங்கள். 1759இல் பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் தீன் முஹம்மத். கும்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றிப் பின் அயர்லாந்தில் குடியேறினார். 1794இல் தம் பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் நிலையமும் நடத்திப் பெரும்புகழ் பெற்றார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் 'ஷாம்பூ மருத்துவர்' என்ற பட்டம் தாங்கியவர் அவர். ஷாம்பூ என்ற சொல்லே பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டதுதான். அது பின்னர் தலைகழுவும் நீர்மத்திற்குப் பெயராகி நம்மிடமே திரும்பி வந்தது. அதனைச் சிறு சிறு உறைகளில் அடைத்து ஏழையும் வாங்கும்படி செய்த முயற்சி பழைய தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரில் சின்னி கிருஷ்ணனிடம் தோன்றியது என்பதும், அவர் மைந்தர் சி.கே. ரங்கநாதன் 1983இல் அங்கிருந்தே தம் தொழிலைத் தொடங்கினார் என்பதும் இவ்வட்டாரத்தார் அறிந்து மகிழத்தக்க செய்திகள்.

தலையைத் தொடும் தொழில் இங்கே தாழ்ந்தது, அங்கே உயர்ந்தது என்றால் தாழ்வு தொழிலில் இல்லை என்பது தெளிவு. இஸ்லாமிய வரலாறு அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது மினாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நாவிதரை அழைத்தார்கள். முதலில் தலையின் வலப்பக்கத்தையும், பின்னர் இடப்பக்கத்தையும் சுட்டிக்காட்டி மழிக்கச் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. எப்படி வேண்டும் என்று தம் நாவிதருக்கு நபிகளார் சொன்ன சொல்லையும் காட்டிய குறிப்பையும் ஒரு சமுதாயம் பதினான்கு நூற்றாண்டுகளாகப் போற்றிக் காத்து வருகிறது. தலையை மழித்தோர், முடியைக் குறைத்தோர் என இரு சாராரையும் திருக்குர்ஆனின் அல் ஃபத்ஹ் அத்தியாயம் குறிப்பிடுவதும் கருதத்தக்கது. வணக்கத்தின் முடிவிலும் மனிதனின் தேர்வுக்கு அங்கே இடமிருக்கிறது.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஹஜ்ஜின்போது முடி களைய ஒரு நாவிதரிடம் போய், கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். வணக்கத்தில் பேரம் இல்லை, அமருங்கள் என்றார் நாவிதர். கிப்லாவை விட்டு விலகி அமர்ந்தபோது திருத்தினார். இடப்பக்கத்தைக் காட்டியபோது வலப்பக்கம் திருப்பச் சொன்னார். மௌனமாக இருந்தபோது தக்பீர் கூறச் சொன்னார். எழுந்து புறப்பட்டபோது இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் போகச் சொன்னார். இவற்றை எங்கே கற்றீர் என்று இமாம் வியந்து கேட்க, அதா இப்னு அபீ ரபாஹ் செய்யக் கண்டேன் என்றாராம். தாம் அறியாத ஐந்து செய்திகளை ஒரு நாவிதரிடம் கற்றதாக இமாமவர்கள் தாமே சொல்லி மகிழ்ந்தார்கள் என்பர்.

இந்த இமாமின் வழி நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம் ஊர்களில் நடப்பது என்ன? ஏழாம் நாள் குழந்தைக்கு முடி களைவதற்கும், சுன்னத்திற்கும், மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பதற்கும் 'ஒசா' என்ற நம் சொந்தச் சகோதரரைத்தான் அழைத்து வந்தோம். தொழுகை அணியில் தோளோடு தோள் நின்றோம். பெண் கொடுக்கல் வாங்கல் என்ற பேச்சு வந்தபோது மட்டும் அவரை வேறு வரிசையில் நிறுத்தினோம். இதனை இந்து சமூகத்தின் குறை என்று தள்ளிவிட நமக்கு வழியில்லை. மினாவின் நாவிதரைப் பற்றிய ஹதீஸை ஓதிவிட்டு, நம் தெருவின் நாவிதர் வீட்டில் சம்பந்தம் செய்ய மறுக்கும் முரண்பாட்டிற்கு நாமே விடை சொல்லியாக வேண்டும்.

இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இளைஞர்கள் கைப்பேசியில் ஒரு கால்பந்து வீரனின் படத்தைக் காட்டி, "அண்ணே, இப்படி வெட்டுங்க" என்கிறார்கள். பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. குடுமி எடுத்த பிள்ளையைக் கண்டு அவர்களுடைய பாட்டனாருக்கும் இதே கோபம் வந்தது. மறையும் மரபும் வகுத்த எல்லைகளைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது பெரியோர் கடமை. தலையில் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விடுவதை நபிகளார் தடுத்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதனை எடுத்துச் சொல்வதற்கும் கிராடக் போல் ஆணையிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மறவாதிருந்தால் போதும்.

அடுத்த முறை அந்த நாற்காலியில் அமரும்போது, "எப்படி வெட்டணும் பாய்?" என்ற சொற்களைச் சற்றே கூர்ந்து கேளுங்கள். வேலூர்க் கோட்டையில் மாண்டவர்களும், தொலைவூருக்கு நடந்துபோய் முடி வெட்டிக்கொண்டவர்களும் தமக்குக் கிடைக்காதா என்று ஏங்கிய கேள்வி அது. நம் விருப்பத்தைச் சொல்லி முடித்தபின், கேட்டவரின் நலத்தையும், அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதையும் நாமும் ஒரு வார்த்தை கேட்கலாம். இத்தனை காலமும் அவர்தாம் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.